கொல்லிமலைச் சபையும் நான் எழுதிய இன்மை அறிக்கையும்

முழுக்கு என்றால் என்ன என்று விருத்தாசலத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மாசி மகத்தன்று மணிமுத்தாற்றங்கரையில் கால் வைக்க இடமிருக்காது. காசிக்குப் போனால் கிடைக்கும் புண்ணியத்தைவிட இங்கே வீசம் கூட என்று சொல்லியே நம் பெரியவர்கள் ஊருக்கு விருத்தகாசி என்று பெயர் வைத்தார்கள். ஆகவே இன்று நான் எழுதப்போகும் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களைப் பற்றிய முதல் செய்தி உங்களுக்குப் புதிதாக இருக்காது. அந்தப் பெயருக்கே மூலமான கிரேக்கச் சொல்லின் பொருள் முக்குவது, தண்ணீரில் முழுகச் செய்வது என்பதுதான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் தெருவில் மாதா கோவில் மணி கேட்டுத்தான் பொழுது விடியும். பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றிக் கோவிலுக்கு எடுத்துப் போய், தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்துத் திரும்புவார்கள். கிறிஸ்தவர்கள் எல்லாருமே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். பள்ளியில் சரித்திரப் பாடத்தில் லூத்தர் வந்தார், கால்வின் வந்தார், 1598-இல் நான்காம் ஹென்றி மன்னர் நாந்த் நகரில் பிறப்பித்த சமய உரிமை ஆணை வந்தது. குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லி, இரண்டு பக்கத்தாரிடமும் அடிவாங்கிய ஒரு கூட்டம் இருந்தது என்று ஒரே ஒரு வரியும் வந்தது. தேர்வில் அதிலிருந்து கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதால் அதைத் தாண்டிப் போய்விட்டோம்.

பிற்காலத்தில் அலுவலகத்தில் எனக்கு மேலிருந்த ஒரு தலைமை எழுத்தர் பாப்டிஸ்ட் குடும்பத்தவர். சேலம் பக்கத்துக்காரர். அவர்தான் விளக்கினார். "சார், ஒரு ஆளுக்கு அறிவு வந்து, நம்புறேன்னு தானே வாயால சொன்னாத்தான் எங்ககிட்ட ஞானஸ்நானம். அப்பா அம்மா பேர்ல வராது. அதுவும் தலையில தெளிக்கிறது கிடையாது. ஆளையே முக்கி எடுப்போம்" என்றார். அவர்களுக்குப் பிஷப் கிடையாது. ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன் காரியத்தைத் தானே கூடிப் பேசித் தீர்மானித்துக்கொள்ளும். போதகரைத் தேர்ந்தெடுப்பதும், புதிதாக ஒருவரைச் சேர்ப்பதும் சபையார் கையில்தான். 1947 செப்டம்பரில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் முதலிய சபைகள் ஒன்று கூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது பாப்டிஸ்டுகள் அதில் சேரவில்லை. அதனால்தானோ என்னவோ, தமிழ்நாட்டில் அவர்களுடைய சபைகள் பெரும்பாலும் சிறியவை. ஒரு கூடம், முப்பது நாற்பது குடும்பம், ஒரு போதகர், ஓர் உறுப்பினர் பதிவேடு.

இந்தியாவுக்கு அவர்கள் வந்தது வங்காளத்தின் வழியாக. வில்லியம் கேரி என்ற இங்கிலாந்துச் செருப்புத் தொழிலாளி 1793-இல் கல்கத்தா வந்து இறங்கினார். பின்னர் 1800-இல் டேனிஷ்காரர்கள் வசமிருந்த செராம்பூரில் நிலைகொண்டார். நம் தென்னாற்காட்டிலும் டேனிஷ்காரர்கள்தான் மிஷன் வேலை செய்தார்கள், ஆனால் அவர்கள் லூத்தரன்கள். சேலம் பக்கம் வந்தவர்கள் வேறு. லண்டனில் 1861-இல் தொடங்கிய ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சிறிய சங்கம் அது. பெயரிலுள்ள கண்டிப்பு எதில் என்றால், முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டுமே திருவிருந்து என்பதில்.

அந்தச் சங்கத்தின் ஆளாக ஜெஸ்ஸி பிராண்ட் என்ற இளைஞர் 1907-இல் இந்தியாவுக்கு வந்தார். இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்ட் ஊர்க்காரர், கட்டட வேலை தெரிந்தவர். மிஷனுக்காகச் சிறிது வைத்தியமும் படித்திருந்தார், ஆனால் முழு டாக்டர் இல்லை. நாமக்கல்லுக்கு அருகே சேந்தமங்கலத்திலிருந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். அந்த மலைமேல் வாழும் மலையாளி மக்களிடம் போய்த் தங்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. மலையாளி என்றால் கேரளத்தவர் அல்ல. காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் கதையைச் சொல்லும், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். சாமை, தினை, கேழ்வரகு விதைத்து வாழ்ந்தவர்கள்.

கீழ்நாட்டவர் அன்று கொல்லிமலை ஏறப் பயந்தார்கள். அங்கே கொல்லிப்பாவை சிரித்தே ஆளைக் கொல்லும் என்பது பழைய கதை. உண்மையில் கொன்றது மலேரியா. மலைக்குப் போய் நாலு நாள் தங்கினால் காய்ச்சலோடுதான் இறங்குவார்கள்.

அந்த மலைக்குத் துணையாக வரச் சம்மதித்தவர் ஈவ்லின் ஹாரிஸ். லண்டனில் செயிண்ட் ஜான்ஸ் வுட் பகுதியில் வசதியான வியாபாரியின் மகள். ஓவியம் கற்றவர். 1911-இல் சென்னைக்கு வந்து தமிழ் படித்தார். ஜெஸ்ஸியைவிட ஆறு வயது மூத்தவர். 1913-இல் சேந்தமங்கலத்தில் கல்யாணம். தாலி கட்டின கையோடு மாமியார் வீடு போவதுபோல், அவர்கள் கல்யாணம் முடிந்த கையோடு மலையேறினார்கள். வாழவந்தியில், கரையான் ஏறாதபடி கால்கள்மேல் உயர்த்தி, ஜெஸ்ஸி தம் கையாலேயே திட்டமிட்டுக் கட்டிய மரவீடு அவர்கள் வீடு. 1914 ஜூலை 17-ஆம் தேதி மகன் பால் பிறந்தான். பின்னர் கானி என்ற மகள்.

இனி அந்தச் சபையின் கதை. முதல் ஆறேழு வருஷம் சபையே இல்லை. காலையில் வாசலில் நோயாளிகள் நிற்பார்கள். பல் பிடுங்குவார், புண்ணைக் கழுவுவார், கொயினா கொடுப்பார், கட்டியைக் கீறுவார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். கிராமம் கிராமமாக நடந்து போய்ப் பிரசங்கமும் செய்தார்கள். மருந்து வாங்கிக்கொண்டார்கள், மரியாதையாகப் பேசினார்கள், ஒருவரும் மதம் மாறவில்லை. கோவில் பூசாரி இவர்களை எதிர்த்தார். ஊரில் அவர் சொல்லை மீறி யாரும் நடக்கமாட்டார்கள்.

முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத்தில் குப்பை கொட்டியவன் நான். எங்கள் கணக்கில் இதற்கு ஒரு பெயருண்டு: இன்மை அறிக்கை. மேலதிகாரி கேட்ட விவரம் எதுவும் உம் எல்லையில் இல்லையென்றால், "இன்மை" என்று ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம். ஜெஸ்ஸி பிராண்டின் முதல் ஆறு ஆண்டையும் எங்கள் படிவத்தில் நிரப்பச் சொன்னால், சேர்ந்தவர் எண்ணிக்கை என்ற கலத்தில் இன்மை என்றுதான் எழுதியிருப்பேன்.

1918-இல் உலகமெங்கும் விஷக் காய்ச்சல் பரவியது. இந்தியாவில் மட்டும் கோடிக்கும் மேல் மக்கள் மாண்டார்கள். நம் வீடுகளிலும் பெரியவர்கள் அதைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது கொல்லிமலையிலும் ஏறியது. பூசாரிக்கும் அவர் மனைவிக்கும் காய்ச்சல் கண்டது. கிட்டே போனால் தொற்றிக்கொள்ளும் என்று சொந்தக்காரர்களும் ஒதுங்கிவிட்டார்கள். கஞ்சி கொண்டுபோனவர்கள் இந்த வெள்ளைக்காரத் தம்பதிகள்தான். இத்தனை வருஷம் தாம் எதிர்த்த ஆளே தம் வாசலில் வந்து நிற்பதைக் கண்ட பூசாரி, சாகும் தறுவாயில் தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டார். அதில் ஒன்று பத்து மாதக் கைக்குழந்தை, நோஞ்சான். ஈவ்லின் அதைத் தேற்றி எடுத்து ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார். அதற்குப் பிறகுதான் ஒருவர் இருவராக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாழவந்திச் சபையின் ஆரம்பம் இதுதான்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும். நானே கேட்டிருக்கிறேன். மருந்தைக் காட்டி மதம் மாற்றுவது நியாயமா? ஏழையின் நோயை வைத்துக் கணக்குப் பார்ப்பதா? நியாயமான கேள்விதான். வெள்ளைக்காரன் கொடி பறந்த காலத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் வந்து நிற்பதே ஒரு செல்வாக்குதான் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் ஒன்று. மருந்து தூண்டிலாக இருந்தால், மீன் சிக்காத குளத்தில் ஆறு வருஷம் யார் தூண்டிலைப் போட்டுக்கொண்டிருப்பார்கள்? சேராதவனுக்கும் அதே மருந்து, சேர்ந்தவனுக்கும் அதே மருந்து. அதோடு அவர்களுடைய கொள்கையே பெற்றோர் பெயரில் பிள்ளையைச் சேர்க்கக்கூடாது என்பது. ரூத்தே ஆனாலும் வளர்ந்து, தானாக நம்பிச் சொன்னால்தான் ஞானஸ்நானம். தாங்கள் போட்டுக்கொண்ட அந்த விதி தங்கள் எண்ணிக்கையையே குறைக்கும் என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

சபை சிறிதாக இருந்ததே தவிர, மலையில் அவர்கள் செய்த வேலை சிறிதல்ல. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நரம்புச் சிலந்தி என்று ஒரு வியாதி இருந்தது, இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. என் தாத்தாவின் கெண்டைக்காலில் வெள்ளையாக ஒரு வடு இருக்கும். என்ன தாத்தா என்று கேட்டால், "சிலந்தி இழுத்த இடம்டா" என்பார். குளத்துத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் ஒரு பூச்சிக்குள் இந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். தண்ணீரோடு வயிற்றுக்குள் போய், ஏறக்குறைய ஒரு வருஷம் வளர்ந்து, இரண்டு மூன்றடி நீளமாகி, பெரும்பாலும் காலில் கொப்புளமாகி வெளியே தலைகாட்டும். எரிச்சல் தாங்காமல் அந்தக் காலைக் குளத்தில் வைத்தால் போதும், ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். அதைக் குடித்த அடுத்தவருக்கு வரும்.

இதற்கு மருந்து கிடையாது. தலைகாட்டிய புழுவை ஒரு குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கவேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். அறுந்தால் உள்ளே சீழ் பிடித்து ஆளையே முடமாக்கும். ஜெஸ்ஸி இப்படி எத்தனையோ கால்களில் சுற்றி இழுத்திருக்கிறார், சீழ் கட்டியதைக் கீறி எடுத்திருக்கிறார். அதோடு நிற்கவில்லை. ஆட்கள் காலை வைத்து இறங்காதபடி கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் சொல்லிக்கொடுத்தார். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னார்கள். மேலே ஒரு சுவர், குடத்தின் வாயில் ஒரு துணி. வைத்தியம் இவ்வளவுதான். பிற்காலத்தில் நம் அரசாங்கம் நாடு முழுக்கச் செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். இந்தியாவின் கடைசி நரம்புச் சிலந்தி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000-இல் இந்தியாவில் அந்த நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

1923-இல் பிள்ளைகள் இருவரையும் படிப்புக்காக லண்டனில் அத்தை சித்திமார் வீட்டில் விட்டுவிட்டுத் தம்பதிகள் மலைக்குத் திரும்பினார்கள். பிள்ளைக்கு ஒன்பது வயது. அப்பாவிடமிருந்து கப்பலில் கடிதங்கள் வரும். 1929-இல் மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய காய்ச்சலாக மாறியது. ஜூன் 15-ஆம் தேதி ஜெஸ்ஸி இறந்தார். வயது 44. லண்டனுக்குத் தந்தி இரண்டு நாளில் போய்விட்டது. கடிதங்கள் அப்படிப் போகாது அல்லவா? அப்பா இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகும், அப்பா எழுதிய கடிதங்கள் மகனுக்கு வந்துகொண்டிருந்தன. நான் பள்ளி விடுதியில் இருந்தபோது அப்பாவின் அஞ்சலட்டைக்குக் காத்திருந்தவன். இந்த இடம் வந்தால் மேலே படிக்க முடியாமல் கொஞ்சம் நிறுத்திவிடுவேன்.

ஈவ்லினுக்கு அப்போது வயது ஐம்பது. இங்கிலாந்து போய்க் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். மிஷன் அவரை மலைக்கு அனுப்பவில்லை, சமவெளியில் வேலை கொடுத்தது. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், பெரியமலை, சித்தேரி என்று ஐந்து மலைகளுக்கும் போகவேண்டும் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து ஆசைப்பட்டிருந்தார்கள். கணவர் ஒரு மலையோடு போய்விட்டார். எழுபதை நெருங்கியபோது, வயதாகிவிட்டது, ஊர் திரும்புங்கள் என்றது மிஷன். அம்மையார் சண்டை போடவில்லை. ஒரே ஒரு வருஷம் கொல்லிமலையில் இருக்க விடுங்கள், பிறகு தொந்தரவு செய்யமாட்டேன் என்று கேட்டு வாங்கினார். வருஷம் முடிந்தது. சொன்னபடி ஓய்வு பெற்றார், மிஷன் வேலையிலிருந்து மட்டும். கப்பலேறவில்லை. நேரே கல்வராயன் மலைக்குப் போய்க் குடிசை போட்டுக்கொண்டார்.

நாம் ஓய்வு பெற்றால் முதலில் பார்ப்பது ஓய்வூதியக் கோப்பு எங்கே நிற்கிறது என்பதை. அந்த அம்மாள் ஓய்வு பெற்றபிறகு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தார். மட்டக்குதிரை மேல் ஏறி ஊர் ஊராகப் போனார். விழுந்து எலும்பு முறிந்தது, பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். தம் குடிசையில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. மகன் அதற்குள் பெரிய டாக்டராகி வேலூரில் இருந்தார். வந்துவிடுங்கள் என்று மகன் கெஞ்சியும் போகவில்லை. மலைமக்களுக்கு அவர் பாட்டி. 1974 டிசம்பர் 18-ஆம் தேதி, 95-ஆவது வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவர் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். கல்வராயன் மலை அந்நாளில் மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்தும் அங்கே மாறவில்லை. 1963-இல் சட்டம் வந்தும், 1976-இல்தான் அரசு மலையை எடுத்துக்கொண்டது. அதற்கு அடுத்த வருஷம் நில விவரங்கள் சேகரிக்க ஆட்கள் தேவைப்பட்டபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த என்னையும் அனுப்பினார்கள். வெள்ளிமலையில் முகாம். கையில் நீளமான படிவம். வீடு, கிணறு, மரம், கோவில், பொது உபயோகக் கட்டடம் என்று கலம் கலமாக இருக்கும்.

ஒரு நாள் வழிகாட்டியாக வந்த பெரியவர் ஓர் இடத்தில் நின்று, "இங்கெல்லாம் ஒரு வெள்ளக்காரப் பாட்டி குதிரையில வருவாங்க ஐயா. மருந்து குடுப்பாங்க, பாட்டுப் படிப்பாங்க" என்றார். எனக்கு இருபத்தாறு வயது. பசி. குதிரையில் வரும் பாட்டியாவது என்று சிரித்துவிட்டேன். அந்த ஊரில் தரும ஸ்தாபனம் ஏதேனும் உண்டா என்ற கலத்தில், அவரிடம் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல், "இன்மை" என்று எழுதினேன். அந்த அம்மாள் இறந்து மூன்று வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. கேட்டிருந்தால் நூறு பேர் சொல்லியிருப்பார்கள்.

ஓய்வு பெற்றபிறகு, முன்பு சொன்ன தலைமை எழுத்தர் எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தார். டாரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க அம்மாள் எழுதிய இந்தப் பாட்டியின் வாழ்க்கை வரலாறு. பாதி படிக்கும்போதே கல்வராயன் மலையும், குதிரையும், அந்தப் பெரியவரின் முகமும் நினைவுக்கு வந்துவிட்டன. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மகன் பால் பிராண்டைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். சிறு வயதில் அப்பா சீழைக் கீறுவதைப் பார்த்து, டாக்டர் தொழிலே வேண்டாம் என்று நினைத்தவர். முதலில் தச்சு வேலையும் கொத்து வேலையும்தான் கற்றார். பிறகு மனம் மாறி மருத்துவம் படித்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலிக்கும் அளவுக்கு அழுத்தினாராம். அப்படியானால் இந்தக் கை அழுகிச் சாகவில்லை, சில தசைகள்தான் செயலிழந்திருக்கின்றன, மற்றவை நன்றாக உள்ளன என்று அவருக்குத் தோன்றியது. நல்ல தசையின் நாணை எடுத்து வேறிடத்தில் இணைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை அங்கிருந்து பிறந்தது. தச்சும் கொத்தும் கற்ற கை அதற்கு உதவியது. 2003-இல் இறந்தார்.

சென்ற வருஷங்களில் ஒரு முறை நண்பரோடு கொல்லிமலைக்குப் போய்வந்தேன். விருத்தாசலத்திலிருந்து சேலம் ரயிலில் போகும்போது, சின்னசேலம் தாண்டுகையில் வலதுபக்கம் கல்வராயன் மலை தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு போனேன். பிறகு எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வாழவந்தி. இரண்டு கல்லறைகள் பக்கம் பக்கமாக. நான் கும்பிடும் சாமி வேறு. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து சிறு கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். மொத்தம் எத்தனை பேர் என்று பழக்க தோஷத்தில் எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

இப்போது மாலையில் நம் ஊர் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் நடக்கப் போவேன். சூளையிலிருந்து வெளியே வரும் பியூஸ் கட்டைகளை ஒருவர் எண்ணி எண்ணிப் பெட்டியில் அடுக்குவார். உடைந்தது எத்தனை, தேறியது எத்தனை என்று சீட்டில் எழுதுவார். அந்தக் கணக்கு தேவைதான், அதில் குறை சொல்லமாட்டேன். நானும் வாழ்நாளெல்லாம் அதைத்தான் செய்தேன். ஆனால் வெள்ளிமலையில் 1977-இல் நான் நிரப்பிய படிவம் எங்கேயாவது ஒரு பதிவறையில் இன்னும் இருக்குமானால், அந்த ஒரு கலத்தை மட்டும் திருத்தி எழுத அனுமதி கேட்பேன். இன்மை என்பதை அடித்துவிட்டு, "பாட்டி ஒருவர் இருந்தார், விசாரிக்கத் தவறினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.